சுவரில்லாத அறை

பேச்சு ஓடாத நேரத்தில் கருவிகள் பேசிக்கொள்ளும் ஆர்எஸ்-232 என்ற சீரியல் கம்பியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் பூஜ்யம் காட்டாது. மைனஸ் 5 காட்டும். சில கருவிகளில் மைனஸ் 10-ஐ ஒட்டி நிற்கும். மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை ‘1’, பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை ‘0’ என்பது விதி. ஓய்ந்திருக்கும் கம்பி ‘1’-ல் ஓய்ந்திருக்கும். எழுத்து ஒன்று புறப்படும்போது முதலில் ஒரு ‘0’ வரும். அதுதான் ஸ்டார்ட் பிட். எழுத்து முடிந்ததும் ‘1’-க்குத் திரும்பி அங்கேயே காத்திருக்கும்.

விதி 1960-ல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. பழக்கம் அதைவிட மூத்தது, டெலிபிரிண்டர் காலத்தது. அன்று சும்மா இருக்கும் கம்பியிலும் மின்னோட்டத்தை ஓடவிட்டிருந்தார்கள். ஓட்டம் நின்றால் கம்பி அறுந்துவிட்டது என்று மறுமுனையில் இருப்பவருக்கு அந்தக் கணமே தெரிந்துவிடும். சொல்ல ஒன்றுமில்லாமல் இருப்பதையும் இணைப்பே அற்றுப்போனதையும் பிரித்தறிய இவ்வளவு எளிய வழியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டது. டெலிபிரிண்டரின் ஸ்டார்ட் பிட்டும் ஸ்டாப் பிட்டும் பச்சைமலையில் ஒரு ஜெனரேட்டரின் பின்பக்கத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

*

பச்சைமலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பினால் கொள்ளிடம் தாண்டி, மண்ணச்சநல்லூர், துறையூர், சோபனபுரம், பிறகு ஏற்றம். உயரம் பெரிதில்லை, 500 மீட்டரிலிருந்து 1,000 மீட்டருக்குள். மேலே டாப் செங்காட்டுப்பட்டி. மரவள்ளி, முந்திரி, இடையிடையே வரகும் சாமையும். வண்ணாடு, கோம்பை, தென்பரநாடு என்று மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள்.

நான் பார்த்துக்கொள்ளும் அறை மேலே ஒரு கோபுரத்தடியில் இருக்கிறது. உள்ளே பேசக்கூடிய பொருள்கள் நான்கு: ஜெனரேட்டரின் கன்ட்ரோலர், மின்மீட்டர், பழைய யுபிஎஸ் ஒன்று, கூரைமேல் உள்ள மழைமானிக்கான லாகர். நான்குக்கும் நெட்வொர்க் என்றால் என்னவென்று தெரியாது. எல்லாம் சீரியல் காலத்துப் பிறவிகள். முன்பு இவற்றிடம் ஒன்று கேட்க வேண்டுமானால் லேப்டாப்பையும் கேபிளையும் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டும். ஆர்எஸ்-232 கேபிள் 15 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பழைய கணக்கு. ஆகவே கேட்பவர் அந்த அறைக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

பிறகு பெட்டி வந்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கம் நான்கு சீரியல் போர்ட், மறுபக்கம் ஒரு நெட்வொர்க் போர்ட். கடைக்காரர்கள் ‘டிவைஸ் சர்வர்’ என்பார்கள். வேலை செய்பவர்கள் ‘கன்வெர்ட்டர்’ என்று முடித்துக்கொள்வோம். கம்பியில் வரும் எழுத்துகளை அள்ளி டிசிபி பொட்டலமாக்கி அனுப்பும். அங்கிருந்து வரும் பொட்டலத்தைப் பிரித்து எழுத்தெழுத்தாகக் கம்பியில் விடும். என்ன சொல்லப்படுகிறது என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. திருச்சியில் உட்கார்ந்திருக்கும் கணினிக்குள் ஒரு டிரைவரைப் போட்டால், மலைமேலுள்ள போர்ட் இந்தக் கணினியின் முதுகிலேயே இருப்பதாக அது நம்பிக்கொள்ளும். பழைய மென்பொருள் அதே காம்-3-ஐத் திறக்கும். இடையில் ஒரு மலை இருப்பது அதற்குத் தெரியாது.

இதைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் ஒன்று மெல்ல மெல்லப் பிடிபட்டது. இந்தப் பெட்டியில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் பெட்டியின் சிக்கல்கள் இல்லை. அந்த அறை இத்தனை காலம் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இல்லாமல் போனதன் விளைவுகள் அவை.

*

முதலில், அறை எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தது. 9600, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். சீரியலில் இரண்டு முனைகளும் இதை முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். யாரும் யாருக்கும் அறிவிப்பதில்லை. ஒரு முனை 9600-லும் மறுமுனை 19200-லும் இருந்தால் இணைப்பு மறுக்கப்படாது, பிழைச்செய்தி வராது. குப்பை எழுத்துகள் கொட்டும், அவ்வளவுதான். அந்த எண்கள் யுபிஎஸ்ஸின் முதுகில் ஒட்டிய காகிதத்தில் இருந்தன. மீட்டரின் திரையில் மூன்றாவது மெனுவில் இருந்தன. கன்ட்ரோலரின் கையேட்டில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. அறைக்குள் இருப்பவர் திரும்பிப் பார்த்தால் போதும்.

கீழே இருப்பவர் எங்கே திரும்புவார்? அதற்காக ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன், காகிதத்தில். போர்ட் எண், எதிரே கருவி, வேகம், பாரிட்டி, 232-ஆ 485-ஆ, எந்த டிசிபி எண், எந்த முறை, யார் கேட்கிறார்கள், எத்தனை விநாடிக்கு ஒருமுறை. இன்னொரு சீரியல் வகையான ஆர்எஸ்-485 என்றால் அதன் ஏ, பி கம்பிகள் எப்படி மாட்டப்பட்டன என்பதும். இந்த இரண்டு எழுத்துகளையும் கருவி செய்பவர்கள் ஆளுக்கொரு விதமாக அச்சிடுகிறார்கள். பதில் வரவில்லையென்றால் இரண்டு கம்பியையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் களத்து வழக்கம், எதுவும் கெட்டுவிடாது. எந்தப் பக்கம் போட்டதும் பேசியது என்பதை எழுதி வைக்காவிட்டால் அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பெட்டியின் அமைப்புகளை ஒரு கோப்பாக எடுத்துச் சேமிக்கலாம், சேமிக்கிறேன். ஆனால் இந்த எண் ஏன் இப்படி இருக்கிறது என்பதை அந்தக் கோப்பு சொல்லாது. குறிப்பேட்டின் கடைசிப் பத்தி அதற்குத்தான்.

*

அறை காத்துவந்த இரண்டாவது பொருள் மௌனம். இதை விளங்கிக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று, அதனால் இதன்மேல் தனிப் பிரியம்.

மின்மீட்டர் பேசுவது மோட்பஸ். 1979-ல் மோடிகான் நிறுவனம் தன் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக உருவாக்கியது. இன்று திருச்சியில் எந்த ஆலைக்குள் போனாலும் மீட்டரும் டிரைவும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கும். கேள்வி ஒன்று போகும்: ‘ஐந்தாம் எண் கருவியே, இந்த இடத்திலிருந்து இரண்டு பதிவைக் கொடு.’ பதில் ஒன்று வரும். மோட்பஸ் ஆர்டியு வடிவத்தில் செய்தியின் தொடக்கத்துக்குக் குறியீடு இல்லை, முடிவுக்கும் இல்லை. மூன்றரை எழுத்து நேரம் கம்பி அமைதியாக இருந்தால் செய்தி முடிந்தது என்று பொருள். முற்றுப்புள்ளியே மௌனம்தான். 9600 வேகத்தில் அந்த மௌனம் ஏறத்தாழ 4 மில்லி விநாடி.

ஒரே கம்பியில் இது பழுதில்லாமல் நடக்கும். கம்பி நேரத்தை மாற்றாது. இங்கே 4 மில்லி விநாடி என்றால் அங்கேயும் அதுவே. நெட்வொர்க்கிற்கு அந்த நேர்மை கிடையாது. அது பொட்டலங்களைச் சேர்த்துவைக்கும், பிரிக்கும், ஒன்றைத் தாமதமாக்கி அடுத்ததை அவசரமாக்கும். எழுத்துகள் ஒன்று குறையாமல் வரிசை மாறாமல் வந்து சேரும், இடைவெளிகள் வராது. பதிலின் முன்பாதி ஒரு பொட்டலத்திலும் பின்பாதி அடுத்ததிலும் வந்தால், மௌனத்தை எண்ணிப் பழகிய மென்பொருள் பாதிச் செய்தியை முழுச்செய்தி என்று எடுத்துக்கொள்ளும். சரிபார்ப்பு எண் பொருந்தாது, தூக்கி எறியும், மறுபடி கேட்கும். பத்தில் ஒன்று தவறும், மழைநாளில் மூன்று தவறும். பார்ப்பவர் மீட்டரைச் சந்தேகிப்பார், பிறகு கம்பியை.

வழி இரண்டு உண்டு. கம்பியில் இவ்வளவு நேரம் அமைதி கண்ட பிறகே பொட்டலத்தைக் கட்டி அனுப்பு என்று பெட்டியிடம் சொல்லிவைக்கலாம். அல்லது மோட்பஸ் தெரிந்த பெட்டியாக வாங்கலாம். அது மௌனத்தைத் தன் முனையிலேயே எண்ணி முடித்து, முழுச்செய்தியாக்கி, நீளத்தைத் தலையில் எழுதி 502 என்ற எண்ணில் கொடுக்கும். இரண்டாவதே உசத்தி. முதலாவதும் போதும், வேறு வழியில்லாதபோது. எப்படிச் செய்தாலும், மலைமேல் யாரோ ஒருவர் அந்த 4 மில்லி விநாடியைக் காத்திருந்து பார்த்தாக வேண்டும். அதைக் கீழேயிருந்து செய்ய முடியாது.

*

அறையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. ஒருவர் லேப்டாப்பை மாட்டினால் இன்னொருவர் மாட்ட முடியாது. அவர் எழுந்து போனால் கேபிள் காலி. சொல்லித்தெரிய வேண்டியதில்லை.

பெட்டியும் ஒரு போர்ட்டுக்கு ஓர் இணைப்பைத்தான் வழக்கமாக அனுமதிக்கும். அதுவும் சரிதான், இரண்டு பேர் ஒரே கம்பியில் கேட்டால் ஒருவர் கேள்விக்கு வந்த பதில் மற்றவர் கைக்குப் போகும். ஆனால் நெட்வொர்க்கில் எழுந்து போவது கண்ணுக்குத் தெரியாது. துறையூர்ப் பக்கம் மலைக்கான ரேடியோ இணைப்பு விட்டுப்போகிறது, அதே நேரம் கீழே கணினி நின்று மறுபடி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விடைபெறும் பொட்டலம் மலைக்குப் போய்ச் சேராது. பெட்டியின் கணக்கில் பழைய ஆள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். அதே கணினி மறுபடி வந்து கதவைத் தட்டினால் ‘இடமில்லை’ என்கிறது.

இதற்குத்தான் கீப்அலைவ். பேச்சில்லாத இணைப்பில் அவ்வப்போது ஒரு வெற்றுப் பொட்டலம் அனுப்பி ‘இருக்கிறீர்களா?’ என்று கேட்பது. லினக்ஸில் இதன் வழக்கமான அளவு 7,200 விநாடி, அதாவது 2 மணி நேரம். மலையறைக்கு அது ஒத்துவராது. பெட்டியில் சில நிமிடங்களாகக் குறைத்து வைத்திருக்கிறேன். மிகவும் குறைத்தால் இணைப்பு கொஞ்சம் திணறினாலே ஆளை எழுப்பிவிடும். எது சரியான அளவு என்பதை அந்தந்த மலையின் இணைப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

*

ஒருநாள் பெட்டிக்குப் பிங் போகிறது, பதில் வருகிறது. மீட்டர் மட்டும் பேசவில்லை. அறைக்குப் பொறுப்பாக இருக்கும் உள்ளூர்க்காரரைக் கூப்பிட்டேன். என்னைவிட மூத்தவர்.

“அண்ணே, ரெண்டாவது போர்ட்டுக்கு மேல லைட்டு மின்னுதா?”

“பச்சை மின்னுது தம்பி. பக்கத்துல மஞ்சளு மின்னவே இல்ல.”

“ஒயரு ஏதும் கழண்டிருக்கா பாருங்க.”

“இந்தப் பக்கம் நல்லாத்தான் இருக்கு. மீட்டருக்குக் கீழ அந்த ஸ்க்ரூ வரிசையில பல்லி ஒண்ணு செத்துக் கிடக்குது.”

“கை வைக்காதீங்கண்ணே. அங்க கரண்டு இருக்கும். நான் வர்றேன்.”

இந்த வேலையில் நான் நம்பும் கண்கள் அவருடையவை. எந்தக் கண்காணிப்பு மென்பொருளும் பல்லி என்று எழுதிக் காட்டாது. அந்த அறையில் பழைய டெலிபிரிண்டர் முறை இருந்திருந்தால் ஓட்டம் நின்றது மறுமுனையில் தானாகத் தெரிந்திருக்கும். இப்போது நடுவில் ஒரு பெட்டி நின்று, கம்பி போன பிறகும் தான் நலம் என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதனால் பிங்கை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. ஒவ்வொரு கருவியிடமும் அதற்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மீட்டரிடம் வோல்டேஜ், லாகரிடம் மணி. லாகரின் மணியைக் கேட்பதில் இன்னொரு லாபம்: அதன் கடிகாரம் பின்தங்குவது தெரியவரும். மணி தவறிய மழைக்கணக்கை வேறெந்தக் கணக்கோடும் வைத்துப் பார்க்க முடியாது.

*

கடைசியாக, அறையின் பூட்டு.

இத்தகைய சீரியல் கருவிகள் பெரும்பாலும் கடவுச்சொல் கேட்பதில்லை. மோட்பஸ்ஸில் கேட்பதற்கு இடமே இல்லை. ஜெனரேட்டரை நிறுத்து என்று முறையாக எழுதி அனுப்பினால் கன்ட்ரோலர் நிறுத்திவிடும். யார் நீ என்று கேட்காது. இதைச் செய்தவர்கள் அலட்சியமானவர்கள் அல்லர். கேட்பவர் அறைக்குள் நிற்கிறார், அறைக்குப் பூட்டு இருக்கிறது, சாவி ஒருவர் மடியில் இருக்கிறது. 15 மீட்டர் கேபிளே காவல். பெட்டி வந்ததும் பூட்டு அப்படியே இருக்க, சுவர்கள் மறைந்துவிட்டன.

2013-ல் எச்.டி. மூர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இணையத்தை அலசிப் பார்த்து, இத்தகைய சீரியல் சர்வர்கள் 1,14,000-க்கும் மேல் உலகத்தின் முன் திறந்து கிடக்கின்றன என்று காட்டினார். அவற்றில் பல ஆயிரத்தில், இணைந்தவுடன் கேள்வியே இல்லாமல் மறுமுனையிலுள்ள கருவியின் கட்டளை வரி வந்து நின்றது. முன்னால் உட்கார்ந்தவர் யாரோ உள்நுழைந்துவிட்டு அப்படியே எழுந்து போயிருப்பார். அடுத்து வந்தவர் அவரது நாற்காலியில் அவர் பெயரிலேயே அமர்ந்துகொள்ளலாம்.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்களுக்குள் புகுந்தவர்கள் துணைமின்நிலையங்களின் பிரேக்கர்களைத் தொலைவிலிருந்தே திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 2,25,000 இணைப்புகள் இருண்டன. அதோடு நிற்கவில்லை. துணைமின்நிலையங்களில் இருந்த சீரியல்-ஈதர்நெட் கன்வெர்ட்டர்களின் ஃபர்ம்வேரை அழித்து எழுதினார்கள். பிரேக்கரை மறுபடி மூடச் சொல்ல வழி இல்லாமல் போயிற்று. ஆட்கள் வண்டியேறி ஒவ்வொரு நிலையமாகப் போய்க் கையால் மூடினார்கள். சில மணி நேரத்தில் மின்சாரம் வந்தது. பெட்டிகள் பிழைக்கவில்லை. இதைப் படித்தபோது பிரேக்கரைவிட அந்தப் பெட்டிகளையே அதிகம் நினைத்தேன். நான் கவனிக்கும் பெட்டியும் அதே இனம்.

இல்லாமல் போன சுவரைத் திரும்பக் கட்டுவது எப்படி என்று யோசிக்கும்போது எனக்கு ஸ்ரீரங்கம்தான் மனத்தில் வரும். ஏழு பிராகாரம். வெளிச்சுற்றுகளில் வீடும் கடையும் பேருந்தும். உள்ளே போகப்போகக் கூட்டம் குறைந்து, கடைசியில் சிலருக்கு மட்டுமே இடம். ஒவ்வொரு மதிலிலும் வாசல் இருக்கிறது, ஒவ்வொரு வாசலிலும் வழக்கம் வேறு. ஒரே பெரிய மதிலைக் கட்டிவிட்டு உள்ளே எல்லாம் திறந்து கிடக்கட்டும் என்று விடவில்லை.

பெட்டிக்கும் அப்படித்தான் செய்திருக்கிறேன். அதற்குப் பொது ஐபி முகவரி கிடையாது. அலுவலகத்தின் மற்றக் கணினிகளோடு கலக்காத தனி வலையில், விபிஎன் வழியாக மட்டும். அந்த வலைக்குள்ளும் கேட்க உரிமையுள்ள முகவரிகள் இரண்டே. மற்றவற்றைப் பெட்டியே திருப்பி அனுப்பும். டெல்நெட்டை மூடியாயிற்று. வாங்கியபோது இருந்த கடவுச்சொல் மாற்றப்பட்டது. கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருப்பதை ரகசியம் என்று எப்படிச் சொல்வது? யார் எப்போது இணைந்தார்கள் என்பதைப் பெட்டி தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் கீழே அனுப்பிவிடும். ஜெனரேட்டரின் போர்ட்டில் எழுதும் கட்டளைகள் தடுக்கப்பட்டுள்ளன, படிக்கும் கட்டளைகள் மட்டும் போகும். நிறுத்தவோ ஓட்டவோ வேண்டுமானால் மலையேறித்தான் செய்ய வேண்டும். அது எனக்குச் சம்மதம்.

*

இடி பற்றிச் சிறிது. சித்திரையில் கோடை மழைக்கு முன்னால் இங்கே இடி அதிகம். ஜெனரேட்டர் கொட்டகைக்கும் அறைக்கும் எர்த் வேறு வேறு என்றால், பக்கத்தில் ஓர் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான வோல்ட் ஒரு கணம் எழும். ஆர்எஸ்-485 தாங்குவது மைனஸ் 7-லிருந்து பிளஸ் 12 வோல்ட் வரை மட்டுமே. முறுக்கிய இரட்டைக் கம்பி இரைச்சலைச் சமாளிக்கும், இடியைச் சமாளிக்காது. கொட்டகைக்குப் போகும் கம்பியில் ஐசொலேட்டர் போட்டாயிற்று. எர்த் குழியில் மாசிக்கு முன் தண்ணீர் ஊற்றுவது அண்ணன் பொறுப்பு, அவர் மறந்ததில்லை.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பைக் கீழேயிருந்து செய்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பாதியில் மின்சாரமோ இணைப்போ போனால் பெட்டி வெறும் தகரம். குறைபாடு வெளியாகி, திருத்தம் வந்து, அதைப் போடாமலிருப்பதும் தவறு. ஆகவே மாற்றுப் பெட்டி ஒன்றில் கீழேயே புதிய ஃபர்ம்வேரை ஏற்றி, அமைப்புக் கோப்பைப் போட்டு, இரண்டாவது முள்ளையும் மூன்றாவது முள்ளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, தட்டிய எழுத்து திரும்பி வருகிறதா என்று 232 போர்ட்டுகளில் பார்த்துவிட்டு எடுத்துப்போகிறேன். மேலே மாற்றி மாட்டுவதுதான் வேலை. கழற்றியது கீழே வந்து அடுத்த முறைக்கு மாற்றுப் பெட்டியாகும்.

புரட்டாசிக்குள் மின்மீட்டரை மாற்றப்போகிறார்கள். புதியதில் நெட்வொர்க் போர்ட் இருக்கிறது, பெட்டி தேவைப்படாது. யுபிஎஸ்ஸும் அதிக நாள் தாங்காது. ஜெனரேட்டரும் லாகரும் இன்னும் பல ஆண்டு ஓடும், அவற்றை மாற்ற யாருக்கும் காரணம் இல்லை. மீட்டர் போனதும் இரண்டாவது போர்ட்டைப் பெட்டியில் முடக்க வேண்டும், அந்த டிசிபி எண்ணை ஃபயர்வாலிலிருந்தும் எடுக்க வேண்டும். கழற்றிய கம்பியின் நுனியில் டேப் சுற்றி, எங்கிருந்து வந்தது என்று எழுதிய காகிதத்தை அதிலேயே கட்டிவிட அண்ணனிடம் சொல்ல வேண்டும்.